வெயிலுகந்தாளின் ஐந்து விரல்கள்

கேட்கிறவர்கள் கேளுங்கள், கேட்காதவர்கள் போய் ஊசிவெடி கொளுத்துங்கள்: கரட்டுமடையில், மின்னல் ஸ்டுடியோ தவசி அண்ணன் கோப்பம்மாளின் பெண்பார்க்கும் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அவள் கன்னத்தில் இருந்த தீத்தழும்பைத் தேய்த்து எடுத்த அதே நேரத்தில், நாலு தெரு தள்ளி வாசலில் உட்கார்ந்து வெடித்திரி முறுக்கிக்கொண்டிருந்த கோப்பம்மாளின் கன்னத்திலிருந்தும் தழும்பு போய்விட்டது. அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஏத்தா, மஞ்சளை மாத்திட்டியா?" என்று கேட்டாள். "இல்லையே" என்றாள் மகள். "அப்ப அதையே பூசு" என்று சொல்லிவிட்டு அம்மாக்காரி மறுபடி திரியைக் கையில் எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊர் அதிசயத்துக்கு ஒதுக்குகிற நேரம் அவ்வளவுதான்.

இதில் தவசி அண்ணன் செய்த வித்தை ஒன்றும் இல்லை. வெளிச்சம் பத்தாமல் எடுத்த போட்டோவில் கேழ்வரகு மாவைத் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக வரும், அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'பொரி'. திரையில் ஒரு கோடு இருக்கும், அதில் ஒரு குமிழ் இருக்கும், குமிழை வலப்பக்கம் தள்ளினால் பொரி அடங்கும், இன்னும் தள்ளினால் தோலின் துவாரம் அடங்கும், இன்னும் தள்ளினால் மரு, மச்சம், தழும்பு எல்லாம் அடங்கி முகம் அவித்து உரித்த முட்டை மாதிரி ஆகிவிடும். பிறகு அடுத்த கோட்டைப் பிடித்து ஓரங்களுக்குக் கூர்மை ஏற்ற வேண்டும். "மொதல்ல தேய்க்கணும், பெறகு தீட்டணும். மாத்திச் செஞ்சா பொரியவும் சேத்துத் தீட்டிருவோம்" என்பார், திருநீறு பூசும் பூசாரியின் குரலில். அந்தக் குரல் எனக்கு அப்படியே வரும்.

எனக்கு எல்லார் குரலும் வரும். பெயர் ராக்கு, வயது பதினாறு. வெடியாபீஸ் போர்மேன் சீனிச்சாமியின் குரலில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "இன்னைக்கு ஆடிட்டு ஆபீசருக வாராக, எல்லாம் கெளம்புங்க!" என்று கத்திப் பாதி ஆபீஸைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். பட்டாசு செய்கிற இடத்தை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம், உள்ளே நாற்காலியும் மின்விசிறியும் இருக்கும் என்று நினைத்து வந்துவிடாதீர்கள், கந்தகமும் அலுமினியப் பொடியும் அவற்றைக் கையால் அளைகிற பொம்பளைகளும்தான் இருக்கும்.

கோப்பம்மாளுக்குக் கல்யாணம் கூடியதும் ஊர் ஸ்டுடியோ வாசலில் வரிசை கட்டியது. மரு உள்ளவர்கள் வந்தார்கள், அம்மைத் தழும்பு உள்ளவர்கள் வந்தார்கள், கட்சி மாறியதால் பழைய கட்சியின் சின்னத்தை நெஞ்சில் பச்சை குத்தியிருந்தவர்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். மச்சங்களெல்லாம் அழிந்துபோனதில் மச்ச பலன் சொல்லிப் பிழைத்த ஜோசியர் தவசி அண்ணனிடம் சண்டைக்கு வந்து, திரும்பும்போது தன் வழுக்கையில் இருந்த ஆலம்பழ மருவை எடுத்துக்கொண்டு போனார். தபால்கார மாடசாமி சாயங்கால இருட்டில் போட்டோ எடுத்துக்கொண்டான், பொரி அதிகம், அண்ணன் குமிழை அழுத்தமாகத் தள்ள, அவன் ஆறு வருஷமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பூனைமீசையைக் கம்ப்யூட்டர் பொரி என்று நினைத்து வழித்துவிட்டது, பிறகு அது முளைக்கவே இல்லை. கூர்மைக் கோட்டில் கை தவறிய ஒருநாள், கறிக்கடை ராவுத்தரைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஓரம் விழுந்துவிட்டது, தோளைத் தொட்டவர்களுக்கு விரல் கீறியது. "நல்லதாப் போச்சு, கத்தி தீட்டுற செலவு மிச்சம்" என்றார் அவர், முழங்கையால் எலும்பு தறித்துக்கொண்டே.

இதெல்லாம் சிரிப்பு. சிரித்து முடித்தாயிற்று அல்லவா, இனி எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

எங்கள் வீட்டில் அம்மா குருவம்மா, அக்கா வெயிலுகந்தாள், நான். அம்மாவும் அக்காவும் வெடியாபீஸில் ஏழாம் ரூமில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வெடிமருந்து அடைப்பவர்கள். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், ஆர்டர் அவசரம் என்று கேட்டை உள்பக்கம் பூட்டி வேலை வாங்கினார்கள். மருந்து உரசியது. ஏழாம் ரூம் பகல் வெளிச்சத்தைவிட வெளிச்சமாக ஆனது. அக்கா அம்மாவின் வலக்கையைப் பிடித்தாள், காற்று அம்மாவை வாசல் வழியாக வெளியே எறிந்தது, அக்காவின் பிடி வழுக்கியது. மறுநாள் விடிவதற்குள் ரூம் இருந்த இடத்தை மண்ணள்ளும் வண்டி வைத்து நிரவி, வரிசையாக வேப்பங்கன்று நட்டுவிட்டார்கள்.

வெடியாபீஸ் மொதலாளி அம்மாவிடம் சொன்னார், தேன் தடவிய குரலில், "ஏழாம் ரூமா? அப்படி ஒண்ணு எப்பம்மா இருந்துச்சு? ஞாயித்துக்கிழமை எவன் ஆபீஸ் தெறப்பான்? ஒம் பெரிய மக எவங்கூடயோ ஓடிப் போனதுக்கு நான் என்ன தாயி பண்ணுவேன்?"

அக்காவின் உடம்பு என்று எரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்று. அம்மாவின் வலது முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே, எரிந்துகொண்டிருந்த ஒரு கை பிடித்த தடம். நாலு விரல் மேல்பக்கம், கட்டைவிரல் உள்பக்கம். சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே வளைந்திருக்கும், அக்காவுக்குச் சின்ன வயதில் ஆட்டுரல் குழவி விழுந்து சுண்டுவிரல் அப்படித்தான் இருந்தது. ஓடிப் போனவளின் விரல் எப்படி அம்மாவின் கையில் வெந்து கிடக்கும்? அம்மா கேட்ட கேள்வி அதுதான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கையை நீட்டி நீட்டிக் காட்டி, அம்மா கடைசியில் ஒரு விசாரணையை வாங்கிவிட்டாள். ஐப்பசி பிறந்ததும் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள்.

மொதலாளி ஸ்டுடியோ வாசல் வரிசையைக் காரில் போகும்போது பார்த்தார். மறுநாளே மைக் செட் ஆட்டோ தெருத்தெருவாகப் போனது. "அன்பார்ந்த தொழிலாளப் பெருமக்களே! தீபாவளியை முன்னிட்டு நமது ஆபீஸ் வாசலில் வைக்கப்படும் மாபெரும் பிளெக்ஸ் போர்டில், நமது தொழிலாளர்கள் ஒவ்வொருவரும் கைகூப்பி வணக்கம் சொல்லும் வண்ணப் புகைப்படம்! இலவசம்! இலவசம்! இலவசம்!"

எங்கள் ஊரில் பிளெக்ஸ் போர்டில் சிரிக்கிற பாக்கியம் கட்சிக்காரர்களுக்கும் காதுகுத்துப் பிள்ளைகளுக்கும் செத்தவர்களுக்கும்தான் உண்டு. உயிரோடு இருக்கும்போதே போர்டில் ஏறலாம் என்றதும் ஜனம் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பியது. ஆறாம் ரூமிலும் எட்டாம் ரூமிலும் அன்றைக்குத் தீ தெறித்தவர்களும் போனார்கள். கைகூப்பினால் முன்கை இரண்டும் தெரியும் அல்லவா, தவசி அண்ணன் அத்தனையையும் தேய்த்தார். அவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். தழும்புள்ள கையால் பரிமாறினால் மாப்பிள்ளை வீட்டார் சோற்றை ஒதுக்குகிறார்கள் என்று அழுதவர்கள் அவர்கள். தழும்பு போனதும் ராத்திரி அரிப்பு போனது, அரிப்பு போனதும் அது வந்த கதையைச் சொல்ல ஆரம்பிக்க ஒரு இடம் இல்லாமல் போனது. "ஏழாம் ரூமு..." என்று அம்மா தொடங்கினால், வழவழப்பான தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு, "விடு மதினி, நல்ல நாளு வருது" என்றார்கள்.

அம்மா போகவில்லை. போர்மேன் சீனிச்சாமி வீட்டுக்கே வந்தார்.

"யக்கா, எல்லாரும் எடுத்துக்கிட்டாக. நீ மட்டும் இல்லாட்டி போர்டுல ஒரு கட்டம் பல்லு விழுந்த மாதிரி இருக்கும்ல?"

"இருக்கட்டும். நெசமாவே ஒரு பல்லு விழுந்துதான கெடக்கு" என்றாள் அம்மா.

"அந்தக் கையைப் பாக்கப் பாக்க ஒனக்குத்தான் வேதனை. போட்டோ எடுத்தா பூப்போல ஆயிரும்."

"ஏப்பா சீனி, ஒனக்கு ஒரே மக. அவ கையைப் பிடிச்சிருக்கயில வந்து விடுன்னு சொன்னா விடுவியா?"

போர்மேன் இருமினார். அவர் பதில் இல்லாதபோது இருமுவார், மூன்று சின்ன இருமல், ஒரு பெரிய இருமல். அவர் தெரு திரும்பும்வரை அதே இருமலை நான் பின்னாலேயே இருமிக்கொண்டு போனேன், அவர் நின்றால் நின்றேன்.

அம்மா தினமும் விடியற்காலையில் கிழக்கே பார்த்து நிற்பாள். சூரியன் விளிம்பு காட்டியதும் கைகூப்பி, "வெயிலு, எந்திரிச்சிட்டியா" என்பாள். அவ்வளவுதான் அவள் சாமி கும்பிடுவது. அடுத்த நாள் விடியலில் வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று சின்ன இருமலும் ஒரு பெரிய இருமலும் கேட்டது. நான் ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் போர்மேன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்துவிட்டார்.

அந்தப் போட்டோ எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குக் கறுப்புத் துணிதான் கதவு. துணிக்கு வெளியே நின்று, தொண்டையில் கொஞ்சம் தேனையும் கொஞ்சம் சளியையும் ஏற்றிக்கொண்டு, "தவசீ" என்றேன்.

உள்ளே நாற்காலி தள்ளப்படும் சத்தம். "மொதலாளி! உள்ள வாங்க மொதலாளி!"

"இருக்கட்டும்ப்பா, செருப்பைக் கழட்டணும், குனிஞ்சா இடுப்பு பிடிக்குது. அந்தக் குருவம்மா போட்டோ வந்துச்சா?"

"வந்திருச்சு மொதலாளி. மங்கலான வெளிச்சம், ஒரே பொரி. நல்லாத் தேய்ச்சுரலாம்."

"தேய்க்காத. அதை மட்டும் தொடாத. தொட்டே, ஸ்டுடியோவுல வேப்பங்கன்னு நட்டுருவேன்."

"சரிங்க மொதலாளி, சரிங்க மொதலாளி" என்று அண்ணன் துணிக்குக் கும்பிடு போட்டார். நான் சிரிப்பை வாயில் துணியாக அடைத்துக்கொண்டு வீடுவரை ஓடினேன், வழியில் மைக் செட் ஆட்டோவாக, கறிக்கடை ராவுத்தராக, ஜோசியராக, எல்லாராகவும் ஓடினேன். அக்காவின் குரலாக மட்டும் ஓடவில்லை. பங்குனிக்குப் பிறகு அந்தக் குரலை நான் எடுத்ததே இல்லை.

நாலு நாள் அம்மாவின் கை அம்மாவிடம் இருந்தது.

ஐந்தாம் நாள் நடந்ததைத் தவசி அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். காலையில் துணிக்கு வெளியே, "தவசீ" என்று ஒரு குரல் கேட்டிருக்கிறது. "அந்தக் குருவம்மா போட்டோ இன்னும் ஏன் வரலை?" என்று கேட்டிருக்கிறது. போன தடவை வேப்பங்கன்று என்ற பேச்சு இவருக்கு இடித்திருந்தது, மொதலாளி அந்த வேப்பங்கன்றைப் பற்றி வாயே திறக்கமாட்டார் என்று யோசித்து வைத்திருந்தார். "ஏ ராக்கு! போன தடவை ஏமாந்துட்டேன். இன்னொரு தடவை அந்தக் கள்ளப்பய கொரல்ல பேசுன, வெளக்கமாத்தால வெளுத்துருவேன்!" என்று கத்தி, கையிலிருந்த டீயைத் துணி வழியாக வீசியிருக்கிறார். துணியை விலக்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் டீ வழிய, மொதலாளியே உள்ளே வந்தார்.

அவர் கோபப்படவில்லையாம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டு, "குமிழை ஓட்டு" என்றாராம்.

"மொதலாளி, அது அவ மக கை."

"பொரிதானப்பா. ஓட்டு."

அந்த நேரம் அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். வளைந்த சுண்டுவிரல் முதலில் போனது. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். மோதிரவிரல் போனது. அம்மா இடக்கையால் வலக்கையைப் பொத்தினாள், தண்ணீரைப் பொத்துகிறவள் மாதிரி. "பிடிடி ராக்கு, போறாடி, பிடிடி" என்றாள். நான் அவள் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். என் கைக்கு அடியில் நடுவிரலும் ஆள்காட்டிவிரலும் போவதை உணர்ந்தேன், கோலத்தை எறும்பு இழுத்துப் போகிற மாதிரி. கட்டைவிரல் கொஞ்சம் தாமதித்தது. பிறகு அதுவும் போயிற்று. கையை எடுத்துப் பார்த்தால், அம்மாவின் முன்கை பிறந்த பிள்ளையின் கைபோல இருந்தது. அம்மா அழவில்லை. சிந்திய அரிசியைப் பொறுக்கினாள், நொய் வேறாக, மணி வேறாக.

நான் ஸ்டுடியோவுக்குப் போய்த் தவசி அண்ணனின் சட்டையைப் பிடித்தேன். "திருப்பிக் கொண்டாங்க. பழைய படம் இருக்கும்ல?"

"இல்லத்தா. கம்ப்யூட்டருல எடமில்லைன்னு எப்பவும் அதே படத்து மேலதான் சேமிப்பேன். போர்மேனும் போன்ல அழிச்சிட்டாரு."

"அப்ப கூர்மையை ஏத்துங்க. தீட்டுனா தெரியும்னு சொல்வீகள்ல?"

"இருக்கறதைத்தான் தீட்டலாம். தேய்ச்சதைத் தீட்ட முடியாது தாயி" என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்க்க மாட்டாமல் குமிழைக் கடைசிவரை தள்ளினார். விரல்கள் வரவில்லை. அம்மாவின் கையைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஓரம் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மா தன் சேலை முந்தானை தானாக அறுபட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்தது, அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட நிதானமான பெண்மணி, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே முற்றுப்புள்ளி வைத்துப் பேசுகிறவர். ஆபீஸ் முற்றத்தில், வேப்பங்கன்று வரிசைக்குப் பக்கத்தில், எல்லாரையும் நிறுத்தினார்கள். அவர் ஒவ்வொரு கையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தீப்பெட்டி. ஆபீஸில்கூட. இப்படி. வழவழப்பான. கைகளை. நான். பார்த்ததில்லை" என்றார். மொதலாளி அடக்கமாகச் சிரித்தார். "பாதுகாப்புதாம்மா நமக்கு மொதல்ல."

அம்மாவின் முறை வந்தது. அம்மா கையை நீட்டினாள். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"எங்கே. தடம்?"

"இருந்துச்சும்மா."

"இப்போது. இல்லையே."

"தேய்ச்சுட்டாக."

அதிகாரி தலையை அசைத்தார், பைத்தியங்களுக்கு அசைக்கிற அதே அசைவில். சுற்றி நின்ற ஊர் முழுக்கத் தரையைப் பார்த்தது. அவர் பேனாவை மூடப் போனார். அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னால் இருந்து நான் அக்காவின் குரலை எடுத்தேன். எடுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏழு மாதம் தொண்டையில் மடித்து வைத்திருந்தது தானாக விரிந்தது.

"யம்மா, கையை விட்டுறாதம்மா!"

ஆறாம் ரூம்காரி ஒருத்தி தன் வழவழப்பான கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். போர்மேன் இருமக்கூட இல்லை. எனக்குள் ஒரு குதியாட்டம், வாங்கடா, இப்போது தேயுங்கள் பார்க்கலாம், குரலை எந்தக் கோட்டில் வைத்துத் தேய்ப்பீர்கள்?

"யார். அது?" என்றார் அதிகாரி.

மொதலாளிதான் முதலில் வாயைத் திறந்தார், தேன் சொட்டச் சொட்ட. "கேட்டீங்களாம்மா? குருவம்மாளோட பெரிய மக கொரலு. இந்த ஊருக்கே தெரியும். நான்தான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேனே, பிள்ளை உசுரோட எங்கயோ இருக்கான்னு. திரும்பி வந்திருக்கா. வெக்கப்பட்டு நிக்கா."

"இல்ல! அது நான்! நான்தான் பேசினேன்!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். சொன்னேன், என் சொந்தக் குரலில்தான் சொன்னேன், ஆனால் என் குரலைக் கேட்டதும் ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பழக்கதோஷம். "இது எல்லார் மாதிரியும் பேசி ஏமாத்துற பிள்ளை, இது சொல்றதை நம்பாதீங்கம்மா" என்றார் போர்மேன். அது உண்மைதானே.

அதிகாரி அம்மாவின் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை, முறைப்படி கேட்டார். "நீங்கள். பெற்றவர். நீங்களே. சொல்லுங்கள். கேட்டது. உங்கள். மகளின். குரல்தானா?"

நான் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், இல்லை என்று சொல், ராக்கு என்று சொல், என் சின்ன மகள் என்று சொல். அம்மா என்னைப் பார்க்கவில்லை. குரல் வந்த திசையையே, நான் இப்போது நிற்காத அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குரலையும் தன் வாயாலேயே இல்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"ஆமா. என் மக வெயிலுகந்தாதான்" என்றாள்.

பேனா எழுதியது. வெயிலுகந்தாள் உயிருடன் இருக்கிறாள்.

தீபாவளிக்கு முதல் நாள் ஆபீஸ் வாசலில் போர்டு ஏறியது. ஊர் முழுக்க முட்டை முட்டையாகக் கைகூப்பி நின்றது, யார் யாரென்று பெற்றவர்களே பெயரை வாசித்துத்தான் கண்டுபிடித்தார்கள். அம்மாவின் பக்கத்துக் கட்டத்தில் அக்காவும் இருந்தாள். ஏதோ பழைய குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்து, அளவுக்கு மேல் கூர்மை ஏற்றி வைத்திருந்தார்கள், தலையைச் சுற்றி வெள்ளை ஓரத்தோடு, சுண்டுவிரல் நேராக. அடியில், 'வாழ்க வளமுடன்.'

அடுத்த நாள் ஊர் வெடித்த வெடியில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் கிடுகிடுத்தன. ஏழாம் ரூமில் அடைத்த வெடியும் அதில் இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் விடிந்ததும் அம்மா கிழக்கே பார்ப்பதில்லை. என் முன்னால் வந்து உட்கார்ந்து வலக்கையை நீட்டுகிறாள். நாலு விரல் மேல்பக்கம், கட்டைவிரல் உள்பக்கம், சுண்டுவிரலைக் கொஞ்சம் வெளியே வளைத்து நான் பிடிக்கவேண்டும். பிடித்துக்கொண்டு அந்தக் குரலில் பேசவேண்டும். மைக் செட் ஆட்டோவும் மொதலாளியும் போர்மேனும் என் தொண்டையில் வரிசையில் நிற்கிறார்கள், யாருக்கும் அவர்கள் வேண்டாம். ராக்குவின் குரலும் வேண்டாம்.

"யம்மா, கையை விட்டுறாதம்மா."

"விடல தாயி. நீ இன்னும் அழுத்திப் பிடி."

அழுத்துகிறேன். அம்மாவின் கையில் தடம் விழுவதில்லை, தேய்த்த கையில் எதுவும் நிற்பதில்லை. அந்த வெள்ளை ஓரம்தான் என் விரல்களை அறுக்கிறது. என் விரல்களிலிருந்து தன் கையில் கசிகிற ரத்தத்தைப் பார்த்து, அக்கா வந்துவிட்டாள் என்று நினைத்து, அம்மா சிரிக்கிறாள்.